இரண்டாம் மாடி ஊசி

சங்கிலிப்பாண்டி அன்று காலை ஒரு ஸ்கூட்டரின் இரண்டு டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு ஆபீசுக்கு வந்தான். ஸ்கூட்டர் நர்ஸ் அம்முவுடையது. பழிவாங்கல் என்று பார்த்தால் இது வெறும் ஆரம்பம்தான். மீதியை எப்படி முடிப்பது என்று பஜார் ரோடு முழுக்க யோசித்துக்கொண்டே நடந்து வந்திருந்தான்.

'வெங்கிடேஸ்வரன் துப்பறியும் நிலையம்' ஒரு சுக்கு மண்டியின் மாடியில் இருந்தது. மட்டாஞ்சேரியில் இதைவிட மலிவான மாடி கிடைக்காது, இதைவிட அதிகமாகத் தும்ம வைக்கும் மாடியும் கிடைக்காது. கீழே மூட்டை புரளும்போதெல்லாம் மேலே கட்சிக்காரர்கள் கண்ணைக் கசக்குவார்கள். வெங்கிடேஸ்வரனும் "உங்க கஷ்டம் புரியறது" என்று தலையை ஆட்டிக்கொள்வார். பாலக்காட்டுப் பூர்வீகம், ஐம்பத்தைந்து வயது, எந்நேரமும் வெள்ளைச் சட்டை, கையில் குடை. உதவியாளனாக வந்து சேர்ந்த சங்கிலிப்பாண்டி சங்கரன்கோவில்காரன். இந்த ஊர் பிராட்வேயில் மூட்டை தூக்க வந்தவனை அவர்தான் இழுத்துக்கொண்டு வந்து துப்பறிய வைத்தார்.

"எங்கேடா போனே? உன் சாயா ஆறிப்போச்சு."

"சின்ன சோலி சார். ஒரு வண்டிக்கு வயிறு உப்பிக் கெடந்துச்சு. கொஞ்சம் காத்தைப் பிரிச்சு விட்டேன்."

"யாரோட வண்டி?"

"அந்த நர்சு அம்மு வண்டி. டயரோட விடமாட்டேன் சார். ஊசிய கண்ட எடத்துல போட்ட கை எதுன்னு தெரியட்டும், விரல ஒண்ணொண்ணா மடக்கி எண்ணிப் பாக்கேன்."

வெங்கிடேஸ்வரன் பாலும் சர்க்கரையும் இல்லாத தன் கட்டன் சாயாவைக் கீழே வைத்தார். பையன் வாயாடி என்று அவருக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அவன் வாய் மட்டும்தான் சிரித்தது.

விஷயம் இதுதான். சங்கிலிப்பாண்டியின் தங்கை இசக்கிசெல்வி நவதீபம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே இருந்த ஊசி ஒன்று அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. காகிதமும் பழத்தோலும் மட்டும் இருக்கவேண்டிய பை அது. யார் உடம்பில் ஏறி இறங்கிய ஊசியோ, எந்த நோயைச் சுமந்த ஊசியோ, தெரியாது. அன்றைக்கே டாக்டர் மாத்திரை ஆரம்பித்துவிட்டார். ஊசிக்குச் சொந்தக்காரன் கிடைத்து அவன் ரத்தம் சுத்தம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம். கிடைக்காவிட்டால் குடலைப் புரட்டும் மாத்திரையும் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனையும்தான்.

சுள்ளிக்கல் வீட்டில் செல்வி இப்போது தனித் தட்டில் சாப்பிடுகிறாள். அவள் பிள்ளை மகா மடியில் ஏற வந்தால் தள்ளி விடுகிறாள். அப்படியெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பயம் டாக்டர் பேச்சைக் கேட்டால்தானே? நேற்று அந்தக் குழந்தை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்ததிலிருந்து சங்கிலிப்பாண்டிக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

"அம்முதான்னு உனக்கு யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரி மேனேஜர் சந்தீப்புதான் செல்விகிட்ட சொல்லியிருக்கான். ஊசி புடிக்கிற கை நர்சு கைதானே, வேற யாரு போடுவான்னு கேட்டானாம். அதோட நிறுத்தினானா? நீ பாத்துக் கட்டியிருக்கணும், தப்பு உம்மேலயும்தான்னு திட்டியும் விட்டிருக்கான்."

"அதாவது, நர்ஸ் போட்டது தப்பு, இவ கையைக் குடுத்தது தப்பு. அவன் மட்டும் உத்தமன். அப்படியாக்கும்?" வெங்கிடேஸ்வரன் குடையை எடுத்தார். "எழுந்திரு. யாருடைய ஊசின்னு கண்டுபிடிப்போம். அவன் கையைப் பிடிச்சு இழுத்துண்டு வந்து ரத்தம் எடுக்க வைப்போம். மத்த கணக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"கட்சிக்காரன் நான்தானே சார்? ஃபீஸ் எவ்வளவு?"

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிண்டு வா. அதான் ஃபீஸ்."

"அவ்வளவு பெரிய ஃபீசு என்னால முடியாது சார்."

நவதீபம் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் புதிதில்லை. போர்வை திருட்டு ஒன்றை அங்கே துப்பறிந்து கொடுத்தவர்கள். அதனால் வாட்ச்மேன் சலாம் போட்டு உள்ளே விட்டான். வாசலில் பெரிய பலகை இருந்தது. பச்சை எழுத்தில் 'ஊழியர் நலம், பூமியின் நலம்' என்று மலையாளத்தில் எழுதி, கீழே மேனேஜர் சந்தீப் செடி நடும் படம்.

"செடிய விட இவன் பல்லுதான் சார் நல்லா வளந்திருக்கு."

"வாயை மூடுன்னேன்."

பின்புறச் சந்தில் குப்பை அறைக்கு வெளியே செல்வி நின்றிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. அண்ணனைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், ஏதோ அவள்தான் தப்பு செய்தவள் போல. சங்கிலிப்பாண்டிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"செல்வி, அன்னிக்கு எந்த மாடிப் பையம்மா அது?" வெங்கிடேஸ்வரன் கேட்டார்.

"ரெண்டாம் மாடி சார். ஆபீஸ் ரூமும் விருந்தாளிங்க உக்கார்ற ஹாலும் இருக்குல்லா, அங்க உள்ளது."

"அங்கே நோயாளியே கிடையாதே."

"கெடையாது சார். அதான் நானும் தைரியமா அமுக்கினேன்."

"அமுக்கினயா? குப்பைப் பையை எதுக்கு அமுக்கறது?"

செல்வி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். ஆபீசர் மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்ற பார்வை. "முன்னாடி முக்கால் பை நெறஞ்சதும் கட்டிருவோம் சார். பிளாஸ்டிக்கக் கொறைக்கணும், பூமியக் காப்பாத்தணும்னு சந்தீப் சாரு புதுச் சட்டம் போட்டாரு. ஒரு மாடிக்கு ஒரு பை, ஒரு ஷிஃப்டுக்கு. ரெண்டாவது பை கேட்டா ஏச்சு. கொள்ளலைன்னா உள்ளங்கைய வச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கித்தான் கட்டணும். எல்லாருமே அப்படித்தான் செய்தோம்."

அவள் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். சோறு கட்டித் தரும் பொட்டலத்தாள் இதைவிட மொத்தமாக இருக்கும்.

சங்கிலிப்பாண்டி அந்தக் கையுறையை விரலால் தேய்த்துப் பார்த்தான். "இதப் போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு. ஈர விரலால தொட்டாலே ஓட்டையாயிரும் போலிருக்கு."

"குத்தினப்புறம் யார் வந்தா?"

"அம்மு சிஸ்டர்தான் சார். நான் போட்ட சத்தத்துல ஓடி வந்தாங்க. குழாயத் தெறந்து சோப்புப் போட்டுக் கழுவி விட்டாங்க. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயி, மொத மாத்திரையத் தன் கையால எடுத்துக் குடுத்தாங்க. பயப்படாத, ஞான் இருக்கேன்னு சொன்னாங்க."

காற்றுப் போன டயர் இரண்டும் சங்கிலிப்பாண்டியின் கண்முன் வந்து போயின.

"இத ஏன் பிள்ள எங்கிட்ட நேத்தே சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? ஆடிக்கிட்டு இருந்த."

அம்மு கோயமுத்தூரில் நர்சிங் படித்தவள். தமிழ் நன்றாகவே வரும், கோபம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும். மருந்து அறை வாசலில் அவர்களைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"சேட்டா, இந்த ஊர்ல நாயி பூனைதான் டயர் கடிக்கும்னு நெனச்சேன். ரெண்டு டயர்லயும் வால்வைத் திருகி எடுத்திருக்கு. அந்த நாய்க்குக் கையும் உண்டு."

"அந்த நாயைக் கண்டா நானே சங்கிலியால கட்டிப் போட்டிருவேன் சிஸ்டர்" என்றான் சங்கிலிப்பாண்டி, தரையைப் பார்த்தபடி. "சாயந்திரம் பம்பு கொண்டாந்து நானே அடிச்சுத் தாரேன்."

அம்மு அவனை மேலும் கீழும் பார்த்தாள். துப்பறிகிறவர்களைவிட அவள் வேகமாகவே துப்பறிந்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"அந்த ஊசியை நீதான் எடுத்தயாம்மா?" வெங்கிடேஸ்வரன் கேட்டார்.

"ஆமா சார். எடுத்து ஊசி டப்பாவுல போட்டேன். அது எங்க வார்டு ஊசியே இல்ல. அதச் சந்தீப் சார்கிட்ட அன்னைக்கே சொன்னேன். மிண்டாத இரு, வாயத் தெறக்காதன்னு சொல்லிட்டார்."

"வார்டு ஊசி இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"நாங்க சிரிஞ்சுதான் உபயோகிக்கறது. இது பேனா ஊசி. சர்க்கரைக்காரங்க பேனா மாதிரி ஒண்ணு வச்சுத் தானே வயித்துல குத்திக்குவாங்க அல்லே? அதோட முனையில திருகற குட்டி ஊசி. ஒரு நகத்தளவுதான் இருக்கும்."

வெங்கிடேஸ்வரன் தலையை மெதுவாக ஆட்டினார்.

"வேற என்ன பாத்தே?"

"ஊசி சும்மா கெடக்கல சார். ஒரு பேப்பர் கப்புக்குள்ள போட்டு, கப்பை நசுக்கி மடக்கியிருந்துச்சு. குத்திக் கிழிச்சு வெளிய வந்திருக்கு."

"பேப்பர் கப்பா?" சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தான். துப்பறியும் மூளை ஒரு வழியாக அவனுக்குள் விழித்துக்கொண்டது. "சார், இங்க வேலை செய்றவங்க யாரும் பேப்பர் கப்புல குடிக்கக் கூடாதே. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வீட்டுலேருந்து கொண்டாரணும். செல்விக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா. பூமியைக் காப்பாத்தற சட்டம்" என்றாள் அம்மு. "பேப்பர் கப்பு ரெண்டாம் மாடி விருந்தாளிங்களுக்கு மட்டும்தான். அவங்ககிட்ட டம்ளர் கொண்டு வான்னு சொல்ல முடியாதே."

"அப்போ ஸ்டாஃப் யாரும் இல்ல. விருந்தாளி. சர்க்கரைக்காரன்." சங்கிலிப்பாண்டி விரலை மடக்கிக்கொண்டே போனான். மடக்க மடக்க அவனுக்கு உற்சாகம் ஏறியது. "சிஸ்டர், கப்புல என்ன இருந்துச்சு? பாலா, கட்டனா?"

"கட்டன். அடியில கொஞ்சம் கறுப்பா இருந்துச்சு. எறும்பு ஒண்ணுகூட இல்ல, மதுரம் இல்லாத சாயாதான்."

"சார், ஆளு மாட்டிக்கிட்டான். பெரிய மனுசன், சட்டை கசங்காம வந்து சோபாவுல உக்காந்து, கட்டன் சாயாவ உறிஞ்சி, வயித்துல குத்திக்கிட்டு, ஊசியக் கப்புல போட்டு நசுக்கிட்டுப் போயிருக்கான். எவ அள்ளுவா, எவ கையில ஏறும்னு ஒரு நிமிசம் நெனச்சானா? நெனைக்கமாட்டான் சார். அவனுக்கெல்லாம் குப்பைக் கூடையில போட்டா உலகத்த விட்டே போயிருச்சுன்னு நெனப்பு."

வெங்கிடேஸ்வரன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், லோ சுகரா? மிட்டாய் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்." குரல் கம்மியிருந்தது. "அந்த மாடில கேமரா உண்டோ, அம்மு?"

"உண்டு சார். லிஃப்ட் பக்கத்துல. ஆனா சந்தீப் சார்தான் தொறக்கணும்."

"செல்வியைக் கூப்பிடு. நீயும் வா. பெருக்கறவா, அள்ளறவா எத்தனை பேர் இருக்காளோ எல்லாரையும் கூட்டிண்டு வா. எல்லார் முன்னாடியும் பாக்கணும்."

லிஃப்டில் அவரும் சங்கிலிப்பாண்டியும் மட்டும்தான் போனார்கள். வெங்கிடேஸ்வரன் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏண்டா, ஆள் யாரா இருந்தாலும் விடக்கூடாது. சரிதானே?"

"யாரா இருந்தாலும் சார். எங்க அப்பனா இருந்தாலும்."

"ம்" என்றார் அவர்.

சந்தீப் முதலில் மறுத்தான். கேமரா பதிவெல்லாம் வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது, ஆஸ்பத்திரி மானம் என்று ஆயிரம் சாக்கு. அதற்குள் அறை வாசலில் துப்புரவுப் பெண்கள் வந்து அடைத்து நின்றுவிட்டார்கள். கும்பலைக் கண்டதும் அவனுக்குத் திடீரென்று நியாய உணர்ச்சி பொங்கியது.

"நோக்கு, எல்லாரும் கேளுங்க. தப்பு செஞ்சது ஆரா இருந்தாலும் ஞான் விடமாட்டேன். நேரா போலீஸ்ல கொடுக்கும். நம்மட ஆஸ்பத்திரியில ஊழியர் ரக்ஷைதான் முதல் காரியம்." சொல்லும்போது அவன் பார்வை அம்முவின் மேலேயே இருந்தது.

"இதைத்தான் நான் எதிர்பாத்தேன்" என்றார் வெங்கிடேஸ்வரன். "ஆரா இருந்தாலும் போலீஸ். எல்லாரும் கேட்டேளோல்லியோ? போடுங்கோ."

திரையில் இரண்டாம் மாடி ஹால் விரிந்தது. காலி சோபா, காலி மேஜை. சந்தீப் ஓட்டிவிட்டான். யாரோ வந்தார்கள், போனார்கள். பையன் ஒருவன் தட்டில் காகிதக் கப்பு கொண்டு வந்து வைத்தான். அதை எடுத்தவர் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இவன்தான், இவன்தான்" என்று சங்கிலிப்பாண்டி பல்லைக் கடித்தான். "திரும்புலே. மூஞ்சியக் காட்டுலே."

அந்த மனிதர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினார். சட்டையை லேசாகத் தூக்கினார். வயிற்றில் எதையோ அழுத்தினார். பிறகு பேனாவின் முனையைத் திருகிக் கழற்றினார். ஊசி கையில் இருக்க, அங்கும் இங்கும் பார்த்தார். எங்கே போடுவது என்று தேடினார். இடது பக்கம், வலது பக்கம், சோபாவுக்குப் பின்னால். ஊசி போடும் டப்பா அந்த மாடியில் எங்கும் இல்லை. கடைசியில் குடித்து முடித்த கப்பில் அதைப் போட்டு, நசுக்கி, மடக்கி, கூடையில் போட்டார். சோபாவின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

முகம் கடைசி வரை தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வருஷக்கணக்கில் அந்த முதுகுக்குப் பின்னால்தான் சங்கிலிப்பாண்டி நடந்திருக்கிறான். மழையிலும் வெயிலிலும் கூட்டத்திலும் அதைத் தவறவிட்டதில்லை. போர்வை கேஸ் முடிந்து சந்தீப்பைப் பார்க்க அவர் மேலே போனது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். அவன் கீழே வாட்ச்மேனோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தான்.

சங்கிலிப்பாண்டி திரும்பினான். அவன் கை தானாக உயர்ந்துவிட்டது.

வெங்கிடேஸ்வரன் அசையவில்லை. "அடி" என்றார்.

கை உயர்ந்த இடத்திலேயே நின்றது. அடிக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. இவர் வாங்கிக் கொடுத்த செருப்போடு நின்றுகொண்டு இவரை எப்படி அடிப்பது? அடிக்காமல் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் அவர் சட்டைப் பையில் கையை விட்டு அந்த ஊசிப் பேனாவை உருவி, சந்தீப்பின் மேஜைமேல் ஓங்கி வைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எப்ப சார் தெரியும் உங்களுக்கு?"

"அம்மு பேனா ஊசின்னு சொன்னப்போ சந்தேகம். கட்டன் சாயான்னு சொன்னப்போ நிச்சயம். அதுவரைக்கும் சத்தியமா ஞாபகமே இல்லேடா. தினமும் குத்திக்கறேன், தினமும் எங்கேயாவது போடறேன். ஆபீஸ் கூடையில, ஹோட்டல் கூடையில, ரயில்ல. யார் அள்ளறான்னு ஒரு நாள் நெனச்சதில்லை. நீ சொன்னயே, அந்தப் பெரிய மனுஷன் நான்தான்."

சந்தீப்பின் முகம் ஒரே நிமிஷத்தில் மாறிப்போனது. போலீஸ் காணாமல் போய் புன்னகை வந்தது.

"சாரா? அய்யோ, நம்மட சார். இது அறியாம நடந்துபோன காரியம். இதுக்கெல்லாம் போலீஸ் எதுக்கு? செல்விக்கு நாலு நாள் லீவு கொடுக்கலாம். எல்லாரும் போய் வேலை பாருங்க."

"இருங்கோ." வெங்கிடேஸ்வரன் நிமிர்ந்தார். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஆரா இருந்தாலும் போலீஸ்னு சொன்னேளே. ஒரு நர்ஸா இருந்தா போலீஸ், உங்க விருந்தாளின்னா லீவா? வாங்கோ, ஸ்டேஷனுக்குப் போவோம். ஊசி என்னோடதுன்னு நானே எழுதிக் குடுக்கறேன். அதைப் போட அந்த மாடில ஒரு டப்பா இல்லேன்னும் சொல்வேன். இவா கையில உறைங்கற பேர்ல என்ன மாட்டி விட்டிருக்கேள்னு சொல்வேன். ஒரு மாடிக்கு ஒரு பைன்னு சட்டம் போட்டு, உள்ளங்கையை வெச்சு அமுக்க வெச்சது யாருன்னும் சொல்வேன். குத்தவாளியே சாட்சி சொல்ல வரான். இதைவிட நல்ல கேஸ் உமக்குக் கிடைக்காது."

சந்தீப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். அம்முதான் எடுத்தாள். வெங்கிடேஸ்வரன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீட்டினார். "கொஞ்சம் வேதனிக்கும் சார்" என்றாள் அவள்.

"நரம்பு கெடைக்கலைன்னா அவசரமே இல்ல சிஸ்டர். தேடித் தேடிக் குத்துங்க" என்றான் சங்கிலிப்பாண்டி. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

ரிசல்ட் வரும்வரை லேபுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசையின் ஒரு கோடியில் செல்வி, மறு கோடியில் வெங்கிடேஸ்வரன். நடுவில் சங்கிலிப்பாண்டி, எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் செல்வி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வெங்கிடேஸ்வரன் அவளைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். தனக்கே தெரியாத நோய் ஏதாவது தன் ரத்தத்தில் இருந்துவிட்டால் என்ற பயம் அவர் நெற்றியில் வேர்வையாக நின்றது. நிற்கட்டும் என்றே சங்கிலிப்பாண்டி நினைத்தான்.

டாக்டர் வெளியே வந்து நேராகச் செல்வியிடம் போனார். எல்லாம் சுத்தம், மாத்திரையை இன்றோடு நிறுத்தலாம், முறைக்காக உனக்கு ஒரு தடவை மறுபடி பார்ப்போம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

செல்வி அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "எம்பிள்ளையத் தூக்கலாமா சார்?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அம்மு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது செல்வி வேறு ஆளாக இருந்தாள். நேராக வெங்கிடேஸ்வரன் முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங்க அண்ணனுக்குச் சோறு போட்டவர் நீங்க. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"கேக்கவும் இல்லம்மா."

"எம்பிள்ளைய நான் தள்ளி விட்டேன் சார். அது ஏன்னு தெரியாம அழுதுச்சு."

அவர் எழுந்து கையைக் கூப்பினார்.

"கும்பிடாதீங்க. இப்ப ஷிஃப்டு முடியுது, பை கட்டணும். எங்க உறையப் போட்டுக்கிட்டு ரெண்டாம் மாடிப் பைய நீங்க கட்டுங்க. மொத மாடிப் பைய அந்தச் சந்தீப் சாரு கட்டட்டும். வார்டுப் பை அது. இதச் செஞ்சா நான் போலீசுக்குப் போகல."

விஷயம் கேட்டதும் சந்தீப்புக்கு உயிர் திரும்பி வந்தது. "அத்ரேயுள்ளோ? இவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்று அவனே முன்னால் நடந்தான்.

பின்புறச் சந்தில் இரண்டு கறுப்புப் பைகள் வாய் பிளந்து நின்றன. இரண்டும் வழிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் பெண்கள், துடைப்பத்தோடும் வாளியோடும். வெங்கிடேஸ்வரன் அந்த மெல்லிய உறையை மாட்டினார். பையின் மேல் உள்ளங்கைகளை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு அமுக்கினார். உள்ளே ஏதோ நொறுங்கியது. அவர் உடம்பு தூக்கிப் போட்டது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. வாயைத் திருகிக் கட்டி முடித்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து விரித்துப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டிக்கு வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது கொஞ்சம் தணிந்தது. முழுசாகத் தணியவில்லை. தணிய இன்னொரு பை பாக்கி இருந்தது.

சந்தீப் இன்னும் சிரித்த முகத்தோடுதான் வந்தான். உறையை மாட்டினான், குனிந்தான், பையின் மேல் கையைக் கொண்டுபோனான். மேலே பஞ்சு, நசுங்கிய மருந்து அட்டைகள், என்ன கறை என்று தெரியாத ஒரு துணி. அதற்குக் கீழே என்னவென்று யாருக்கும் தெரியாது. கை பைக்கு மேலேயே நின்றுவிட்டது. சிரிப்பு மெல்லக் கழன்றது. ஒரு விரலால் துணியை விலக்கிப் பார்த்தான், உடனே விரலை இழுத்துக்கொண்டான்.

"அமுக்குங்க சார். அமுக்கினாத்தான் கட்ட வரும்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அவன் மறுபடி கையைக் கொண்டுபோனான். கழுத்தில் வேர்வை வழிந்தது. கை மறுபடி நின்றது. பெண்கள் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"இதுல கொள்ளாது. இன்னொரு பை கொண்டு வா."

ஒருத்தியும் அசையவில்லை.

"ஒரு மாடிக்கு ஒரு பைதான் சார்" என்றாள் இசக்கிசெல்வி. "அமுக்குங்க."